பன்னிரண்டாம் ஃபாரம்

பிப்ரவரி 3

அன்புள்ள பேத்திக்குப் பாட்டி எழுதிக்கொள்வது. நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, இல்லை ஆராய்ச்சி என்று சொல்லிப் பரட்டையாக அலைகிறாயா?

உன் கடிதத்தைத் தையல் மேஜையில் வைத்து எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. என் பேத்தி ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று தெரியாத ஆள் எங்கள் பைண்டிங் கடையில் கிடையாது. கட்டிங் மெஷினுக்கே தெரியும்.

ஜூன் இருபதாம் தேதி ஐந்து பேராசிரியர்கள் உட்கார்ந்து, 'கதை படிப்பதால் மனித அறிவுக்குப் புதிதாக என்ன சேருகிறது?' என்று கேட்பார்கள், சரியாகப் பதில் சொல்லாவிட்டால் ஆராய்ச்சி இடம் போய்விடும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதென்னடி கேள்வி! மூச்சு விட்டா என்ன லாபம்னு கேக்கற மாதிரி!" என்று மேஜையில் ஒரு அடி அடித்தேன்.

பசை தடவுகிற அம்மா இருக்கிறாளே, அவள் வாய் சும்மா இருக்குமா? "அப்ப நீயே பதில் சொல்லேன்க்கா. முப்பத்தெட்டு வருஷமா புத்தகத்துலதானே கை வச்சிருக்கே" என்றாள்.

கண்ணு, உன்னிடம் சொல்வதற்கு என்ன, எத்தனை லட்சம் புத்தகம் தைத்திருப்பேன், ஒன்றையாவது முழுசாகப் படித்ததில்லை. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். அடியில் சின்னதாக எண் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை பார்த்து அடுக்குவேன், தைப்பேன், தள்ளிவிடுவேன். மற்ற எழுத்தெல்லாம் என் கண்ணுக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டு உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்காத சமையல்காரி நான்.

இனிமேல் அப்படி இல்லை. நூலகத்திலிருந்து பழைய புத்தகக் கட்டு ஒன்று மறு பைண்டிங்குக்கு வந்திருக்கிறது. மேலே ஒரு தடி நாவல். உன் பரீட்சைக்கு நானும் படிக்கப் போகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் அந்த ஐந்திலும் நான்தான் முதல். உன் அப்பனுக்கு அதைச் சொல்லிக் காட்டு.

போனில் பேசலாமே என்று கேட்காதே. போனில் எனக்கு நிதானமாகப் பெருமைப்பட முடியவில்லை.

உன் பாட்டி

பிப்ரவரி 14

என் பாட்டிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். எண்ணெய் வைக்கிறேன், வாரத்துக்கு ஒருமுறை. முழங்காலுக்குத் தைலம் போடு. மாடிக்குச் சின்னவர்களை அனுப்பு.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். படி பாட்டி, கட்டாயம் படி. ஆனால் என் பரீட்சைக்காக இல்லை, கதைக்காகப் படி. தோன்றியதை அப்படியே எழுது.

இதுவரை இருநூறு கட்டுரை படித்திருக்கிறேன். 'இலக்கியம் மனத்தை விரிவாக்கும்' என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். யாருக்கு விரிந்தது, எப்போது, எவ்வளவு என்று ஒருவர்கூட எழுதவில்லை. குழுத் தலைவர் கணக்குப் பேராசிரியர். 'விரிந்தது என்றால் அளவு சொல்லம்மா' என்பார்.

அன்புடன்,
பேத்தி

மார்ச் 2

என் தங்கப் பேத்திக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் பரவாயில்லை. முழங்காலை யார் நினைக்கிறார்கள் இப்போது!

கேள். எங்கள் மேஜையில் நாலு பேர். நான், தாள் மடிக்கிறவள், பசைக்காரம்மா, போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த கல்யாணமான புதுப்பெண். அவளைச் 'சின்னது' என்றுதான் கூப்பிடுவோம். ஒருத்தி வாய்விட்டுப் படிக்கிறாள், மற்ற மூவரும் அவள் பங்கு வேலையையும் சேர்த்து முடித்துக் கொடுக்கிறோம். இரண்டாம் நாளே மேஸ்திரி வந்துவிட்டார்.

"இது பைண்டிங் கடையா, பள்ளிக்கூடமா?"

"பிரிக்கறதுக்கு முன்னாடி பக்கமெல்லாம் இருக்கான்னு பாக்கறோம் மேஸ்திரி" என்றேன்.

"வாய்விட்டா பாப்பாங்க?"

"கண்ணு மங்கிப்போச்சே. காதாலதான் பாக்கணும்."

முறைத்துவிட்டுப் போனார். இப்போது தினமும் பதினோரு மணிக்குப் பசை பதம் பார்க்க வருகிறார். பசை பதமாகத்தான் இருக்கிறது. அவர்தான் போகமாட்டேன் என்கிறார்.

கதை இதுதான். லாரி பட்டறையில் இரண்டு கூட்டாளிகள். பெயர் நீளமாக இருப்பதால் நாங்கள் தாடிக்காரன், கண்ணாடிக்காரன் என்று வைத்துக்கொண்டோம். ஒரு லாரியில் பிரேக் பிடிக்காமல் விபத்து. யார் கவனக்குறைவு என்று பேச்சு முற்றி, பத்துப் பேர் நடுவில் தாடியை 'கைநடுங்கி' என்று சொல்லிவிடுகிறான் கண்ணாடி. பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. பசைக்காரம்மா அந்த இடத்தில் பிரஷ்ஷை வைத்துவிட்டு, "கூடப் பழகினவன் சொன்னாத்தான் இப்படிச் சுடும்" என்றாள். அன்றைக்கு யாரும் டீ குடிக்கவில்லை.

நேற்று நூற்று எழுபத்தாறாம் பக்கம். தாடி பஸ் பிடித்து, வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, வாசலில் நிற்கிறான். 'தட்டுவதற்காகக் கையைத் தூக்கினான்.' பக்கம் முடிந்தது. சின்னது அவசரமாகத் திருப்பினாள். நூற்றுத் தொண்ணூற்று மூன்று!

பன்னிரண்டாம் ஃபாரத்தையே காணோம், கண்ணு! எந்தப் பாவி உருவினானோ! அடுத்த பக்கத்தில் தாடி திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறான். கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை. கதவு திறந்ததா? என்ன பேசினார்கள்? ஒன்றும் தெரியாது. நாங்கள் போட்ட சத்தத்தில் கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

நான் வாழ்க்கையில் எத்தனையோ ஃபாரம் காணாமல் போய்ப் பார்த்திருக்கிறேன். 'வெள்ளைத்தாள் வச்சுத் தச்சுடு' என்பார் மேஸ்திரி, தைத்துவிடுவேன். எத்தனை பேர் இப்படிப் பதறியிருப்பார்களோ, இத்தனை வருஷம் தெரியவில்லையே! அந்தப் பதினாறு பக்கத்தை உன் பல்கலைக்கழகத்தில் தேடி உடனே அனுப்பு. ராத்திரி தூக்கம் வரவில்லை.

அவசரத்தில்,
பாட்டி

மார்ச் 11

பாட்டிக்கு வணக்கம்.

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும், தூங்கவும் வேண்டும்.

புத்தகம் கிடைத்துவிட்டது! நூலகத்தில் மூன்றாம் அடுக்கு. பன்னிரண்டாம் ஃபாரம் பத்திரமாக இருக்கிறது. நான் படித்தும் விட்டேன்.

ஆனால் இப்போது அனுப்பமாட்டேன்.

திட்டாதே. முதலில் நீங்கள் ஒவ்வொருவரும் அந்தப் பதினாறு பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லி எழுதி அனுப்புங்கள். படிப்பதற்கு முன்னால் என்ன நினைத்தீர்கள், படித்த பிறகு என்ன மாறியது என்று பார்க்கலாம். கணக்குப் பேராசிரியர் கேட்கிற அளவுகோல் உன் தையல் மேஜையில் இருக்கிறதோ என்னவோ! எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது.

பேத்தி

மார்ச் 24

கல்நெஞ்சக்காரப் பேத்திக்கு,

நான் சுகம், உன் மேல் கோபம். இருந்தாலும் கேட்டதை எழுதுகிறேன்.

தாள் மடிக்கிறவள் சொல்வது: வீடு பூட்டியிருந்தது. கண்ணாடி வீட்டைக் காலி பண்ணிப் போய் மூன்று வருஷம். "தட்டினா உடனே திறக்கணும்னு சட்டமா? போறவங்க சொல்லிட்டா போறாங்க?" என்றாள். அவள் புருஷன் போன கதை உனக்குத் தெரியுமே. அவள் மூஞ்சியைப் பார்க்காமல் நூல் கோத்தேன்.

பசைக்காரம்மா: கண்ணாடி செத்து மூன்று நாள். பொண்டாட்டிதான் கதவைத் திறந்தாள். "எப்பவும் நாம கொஞ்சம் லேட்டாத்தான் போவோம்" என்றாள்.

சின்னது: இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுதுவிட்டார்கள். சந்தோஷத்தில்தான் கண்டக்டர் கூப்பிட்டது கேட்கவில்லை. "இன்னும் ஒரு வருஷம் போகட்டும், நீயும் வேற மாதிரி சொல்லுவே" என்று மடிக்கிறவள் கிண்டல் பண்ண, சின்னது முறைத்துக்கொண்டாள்.

மேஸ்திரியை யாரும் கேட்கவில்லை. அவராகவே, "அடிதடிதான் நடந்திருக்கும். ஆம்பளைங்க வேற என்ன பண்ணுவாங்க" என்றார்.

எல்லாம் தப்பு. நடந்ததை நான் சொல்கிறேன், எழுதிக்கொள். தாடி தட்டினான். கண்ணாடி திறந்தான். ஏற இறங்கப் பார்த்தான். நகத்து இடுக்கில் இருந்த அழுக்கைப் பார்த்தான். உள்ளே பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்குது, இன்னொரு நாள் வா" என்று வாசலோடு அனுப்பிவிட்டான். வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினான். நூற்றுக்கு நூறு இதுதான். எனக்குத் தெரியும்.

இனியாவது ஃபாரத்தை அனுப்பு.

பாட்டி

ஏப்ரல் 2

பாட்டிக்கு,

நலம், நலமறிய ஆவல். பதினாறு பக்கத்தையும் நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மேஜையில் எல்லாருக்கும் படித்துக் காட்டு.

ஒன்றே ஒன்று. கண்ணாடிக்காரனுக்குப் பிள்ளைகளே கிடையாது. நாற்பதாம் பக்கத்தில் வருகிறது. 'பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்குது, இன்னொரு நாள் வா' என்ற வாக்கியத்தை நான் ஆறு வயதில் நம் வீட்டுக் கூடத்திலேயே கேட்டிருக்கிறேன். உன் தங்கை உன்னை வாசலோடு அனுப்பிவிட்டதாக நீ வந்து சொன்ன அன்றைக்கு.

வேறொன்றும் கேட்கவில்லை.

பேத்தி

ஏப்ரல் 15

பேத்திக்கு,

சுகம். பதினாறு பக்கமும் வந்தன. பள்ளிக்கூடப் புத்தகம் வந்து குவிந்திருக்கிறது. வேலை அதிகம். நேரத்துக்குச் சாப்பிடு.

பாட்டி

மே 10

என் பாட்டிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இடையில் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. நேற்று மேஸ்திரிக்குப் போன் செய்தேன். "உங்க பாட்டி கல்லு மாதிரி இருக்காங்கம்மா. மேஜையிலதான் பேச்சு இல்ல. பதினோரு மணிக்குப் போனா பசை மட்டும்தான் இருக்கு" என்று வருத்தப்பட்டார்.

நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற குதூகலத்தில் எழுதிவிட்டேன். பரீட்சைக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். சமாளிக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்து ஊசி நூல் எடுக்கிறேன். எனக்கு நீ எழுத வேண்டும், அவ்வளவுதான். மழை பெய்கிறது என்றாவது எழுது.

பேத்தி

மே 19

என் கண்ணான பேத்திக்கு,

மழை பெய்யவில்லை. நான் சுகம். உடம்பு சுகம்.

ஐந்து வாரமாக எழுதாதவளை ஐந்தாம் வகுப்பிலேயே நிறுத்தியது சரிதான் என்று நினைத்திருப்பாய். தாளை எடுப்பேன், 'சுகம்' என்று எழுதுவேன், மடித்து வைத்துவிடுவேன். இன்றைக்கு முழுசாக எழுதாமல் எழுந்திருக்கப் போவதில்லை.

நீ அனுப்பியதை மேஜையில் நான்தான் படித்தேன். தாடி வெளியே என்ன ஆனான் என்று பார்க்க ஓடி வந்தால், ஆசிரியர் எங்களைக் கதவுக்கு உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பதினாறு பக்கமும் கண்ணாடிக்காரன் கதைதான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. யார் நடை என்று தெரிந்துவிடுகிறது. எழுந்து ஓடி வந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறான். அப்படியே நிற்கிறான். 'அவன் தட்டட்டும். நானாகத் திறந்தால் பதினோரு வருஷமும் காத்திருந்தது தெரிந்துபோகும்.' அந்தப் பக்கம் தூக்கிய கை, இந்தப் பக்கம் தாழ்ப்பாளில் கை. நடுவில் ஒரு பலகை. தாடி தட்டாமலே திரும்பிப் போகிறான். காலடி தேய்ந்து மறையும்வரை கண்ணாடி கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

பசைக்காரம்மா மூக்கை உறிஞ்சினாள். சின்னது, "ரெண்டு பேருக்கும் அறிவே இல்ல!" என்று கத்தினாள். நான் தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கண்ணு, உன் சின்னப் பாட்டி என்னை வாசலோடு அனுப்பவில்லை. நான் தட்டவே இல்லை.

அம்மா படுத்த படுக்கையானபோது வீட்டைப் பார்க்க ஒருத்தி வேண்டும் என்று மூத்தவளான என்னை நிறுத்தினார்கள். தங்கை படித்தாள், வாத்தியார் ஆனாள். அவள் புது வீடு கட்டி, 'ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வா அக்கா' என்று எழுதினாள். அரைநாள் வேலை முடித்த கையோடு பஸ் ஏறினேன். வாசலுக்குப் போனால் உள்ளே ஒரே சிரிப்பு. யாரோ இங்கிலீஷில் பேசுகிற சத்தம். என் கையைப் பார்த்தேன். நகமெல்லாம் பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. இந்தக் கையோடு அந்தக் கூட்டத்தில் போய் நின்றால் அவளுக்குத்தானே அவமானம் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே, அவள் என்னைப் பார்த்ததும் என்ன சொல்லுவாள் என்று நானே யோசித்துக்கொண்டேன். பஸ்ஸில் நாலு மணி நேரம் யோசித்ததில் அது அவள் சொன்னதாகவே ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் உன் தாத்தா, "என்ன, ராத்திரி தங்காம வந்துட்டே?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவள் போட்ட இரண்டு கடிதத்தையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். சொன்ன பொய் நம் வீட்டில் ஒரு ஆளாகவே உட்கார்ந்து சாப்பிட்டது. பத்தொன்பது வருஷம்!

இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ தடவை அந்த வாசலில் போய் நின்றிருக்கிறேன், மனசில்தான். ஒரு தடவைகூடக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதில்லை. அங்கே அவள் என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அந்தப் பதினாறு பக்கம் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்விட்டது. இது அறிவு இல்லையென்றால் வேறு எது அறிவு? உன் கணக்கு வாத்தியார் அளவு கேட்டாரே, எழுதிக்கொள்: படித்தது பதினாறு பக்கம், ஆட்டம் கண்டது பத்தொன்பது வருஷம்!

இந்தக் கடிதத்தை அந்த ஐந்து பேர் முன்னாலும் படி. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ பெட்டியைக் கட்டுவதைவிட நான் வெட்கப்படுவது மேல். உன் அப்பனுக்கு மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

எழுதி முடித்ததும் பசிக்கிறது. எத்தனை நாளைக்கப்புறம்!

உன் பாட்டி

ஜூன் 21

என் பாட்டிக்கு,

நலம். உன் கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தூங்கினேன் என்று சொன்னால் சிரிக்காதே.

நேற்று பரீட்சை. ஐவரின் கருத்தையும், பதினாறு பக்கத்தையும், கடைசியில் உன் கடிதத்தையும் படித்தேன். நான்கு பேராசிரியர்கள் அசையாமல் கேட்டார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

கணக்குப் பேராசிரியர் பென்சிலைக் கீழே வைத்தார். "அம்மா, ஒரு சந்தேகம். உங்க பாட்டி தட்டாம நின்னப்போ, அவங்க தங்கை உள்ளே தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்களா?"

"தெரியாது ஐயா."

"தெரியாது. அப்போ உங்க பாட்டி ஒரு கற்பனையை விட்டுட்டு இன்னொரு கற்பனையைப் பிடிச்சுக்கிட்டாங்க. முதல் கற்பனை சொந்தம். ரெண்டாவது ஆசிரியரோடது. இதுல அறிவு எங்கே இருக்கு?"

வெளியே போகச் சொல்லவில்லை, அதுவரை பாக்கியம். ஜூலை பதினைந்துக்குள் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் மூன்று வருஷத்துக்கு இடம் உறுதி. இல்லாவிட்டால் இல்லை.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதுதான் தொல்லை. பதில் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். உன்னைப் போகச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

பேத்தி

ஜூலை 2

அன்புப் பேத்திக்கு,

நான் சுகம். முழங்கால் சுகம். பக்கத்தில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருக்கிற உன் சின்னப் பாட்டியும் சுகம்!

உன் கடிதம் வந்ததும் மேஜையில் சொன்னேன். "பேத்தி பரீட்சைக்காகத்தான் போறேன், வேற ஒண்ணுக்கும் இல்ல" என்றேன். "ஆமாக்கா, நம்பிட்டோம்" என்றாள் பசைக்காரம்மா. மேஸ்திரி கேட்காமலே மூன்று நாள் லீவு கொடுத்தார். "என்ன ஆச்சுன்னு வந்து மொத என்கிட்டதான் சொல்லணும்" என்று கண்டிஷன் வேறு.

போனேன். தட்டினேன். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை, கதவே கழன்று விழுகிற மாதிரி. திறந்தாள். தலை முழுக்க வெள்ளை. நெற்றியில் மூக்குக் கண்ணாடி. நான்தான் ஆரம்பித்தேன்.

"அந்த ஞாயித்துக்கிழமை நீ கதவுக்கு உள்ளாற நின்னுக்கிட்டு இருந்தியாடி?"

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"புது வீடு கட்டினியே, அப்ப. நான் வந்தேனே."

"நீ வந்தியா?" கதவைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீ எப்ப வந்தே?"

உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்து, நான் சொன்ன தேதியை வைத்துப் பழைய டைரிகளைத் துழாவினாள். வாத்தியார் புத்தி, எல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். அன்றைக்கு அவள் வீட்டிலேயே இல்லையாம்! பரீட்சைத் தாள் திருத்த வேற ஊருக்குப் போயிருந்தாளாம். "அப்ப உள்ள சிரிச்சது யாரு? இங்கிலீஷ்ல பேசினது யாரு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அலமாரிக்குக் கதவு போட வந்த தச்சு வேலைக்காரர்கள், கண்ணு! ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தார்களாம்! நான் பத்தொன்பது வருஷம் கோபப்பட்டது மூன்று தச்சர்கள் மேல்! சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். அப்புறம் சிரிப்பு நின்றுபோய்த் தண்ணீர் மட்டும் வந்தது. "நான் கூப்பிட்டேன், நீ வரவே இல்லைன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

உன் வாத்தியாரிடம் போய்ச் சொல். நாவல் தப்பு! சுத்தத் தப்பு! கதவுக்கு உள்ளே யாரும் நிற்கவில்லை. ஆனால் என்னுடையது அதைவிடப் பெரிய தப்பு. அதைத் தப்பு என்றே நினைக்காமல் நூற்றுக்கு நூறு என்று உன்னிடம் எழுதினேனே! தெரியும் தெரியும் என்று உட்கார்ந்திருந்தவளை, தெரியாதே என்று பதற வைத்து பஸ் ஏற்றியது அந்தப் பதினாறு பக்கம்தான். அவர் இதற்கு என்ன பெயர் வைப்பாரோ வைத்துக்கொள்ளட்டும்.

கீழே அவளும் எழுதுகிறாளாம். இடம் விடச் சொல்கிறாள்.

பாட்டி

அன்புள்ள பேத்திக்கு, உன் பாட்டியின் தங்கை எழுதுவது. நலம். அவள் கடிதத்தில் நான்கு எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். மன்னிக்கவும், கை கேட்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை, நான் ஓய்வு பெறும்வரை, வருடந்தோறும் அக்கா வேலை செய்யும் கடைக்கே லாரியில் அனுப்பினேன். எங்கள் தெருவிலேயே பைண்டிங் கடை இருந்தது. தலைமையாசிரியர் காரணம் கேட்டபோது அங்கே தையல் உறுதி என்றேன். கட்டின் மேல் சீட்டில் என் பெயரை எழுதி அனுப்புவேன். அவள் பார்ப்பாள், உள்ளே ஒரு வரியாவது எழுதி வைப்பாள் என்று, திரும்பி வந்த ஒவ்வொரு புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டுவேன். சீட்டு மேஸ்திரியோடு நின்றுவிடும், மேஜைக்குப் புத்தகம் மட்டுமே வரும் என்பது நேற்று அவள் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் தெரிந்தது.

இதை அவளிடம் வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. உறையில் போடுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பாள்.

படித்தேன்.
பாட்டி

ஜூலை 16

என் இரண்டு பாட்டிகளுக்கும் வணக்கம்.

நலம், நலம், நலம். இடம் கிடைத்துவிட்டது! மூன்று வருஷத்துக்கு ஊசி நூல் என் கைக்கு வராது. மேஜையில் எல்லாருக்கும் சொல். மேஸ்திரிக்கு முதலில் சொல்.

பாட்டி எழுதிய பகுதியை மட்டும் குழு முன் படித்தேன். தச்சர்கள் வந்த இடத்தில் மற்ற நான்கு பேரும் சிரித்துவிட்டார்கள். கணக்குப் பேராசிரியர் சிரிக்கவில்லை.

"அப்போ நாவல் சொன்னது தப்பு?"

"தப்புதான் ஐயா. சின்னப் பாட்டியைப் பத்தி அது ஒரு தகவலும் தரலை. பாட்டிக்குத் தங்கையைப் பத்தித் தெரியாதுங்கறதை அவங்களுக்கே தெரிய வச்சுது. மீதியை அவங்க பஸ்ல போய்த் தெரிஞ்சுக்கிட்டாங்க."

வெகுநேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். "இதுக்கு அளவு கிடையாது" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் கடிதத்தை மடித்தபோது, "கடைசியில வேற கையெழுத்துல ஏதோ இருக்கே, யாரோடது?" என்றார். சின்னப் பாட்டி எழுதியது, குடும்ப விஷயம், அனுமதி இல்லாமல் படிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மாடிப்படி வரைக்கும் பின்னாலேயே வந்தார். "ஒரு வரியில சொல்லும்மா, நல்லதா கெட்டதா?" நேற்றிலிருந்து இரண்டு தடவை போன். இரண்டாவது தடவை அவராகவே ஒரு யூகம் சொன்னார். தப்பு.

சொல்லிவிடலாமா? இரண்டு பேரும் கலந்து பேசிச் சீக்கிரம் எழுதுங்கள். பாவம், மனுஷருக்கு வேலையே ஓடவில்லையாம்.

உங்கள் பேத்தி